நெருஞ்சியும் ஒற்றைக்காலும்: ஒரு முள்ளாய்வு

தமிழாய்வுலகம் நெருஞ்சியை மிதித்திருக்கிறதே தவிர, குனிந்து பார்த்ததில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மணற்பரப்பு ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கருவிகள்: ஓர் ஊக்கு, ஒரு பூதக்கண்ணாடி, இடது கால்.

1753இல் நெருஞ்சிக்கு டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று பெயர் சூட்டியவர் லின்னேயஸ். ஸ்வீடன் குளிரில் பூட்ஸ் போட்டு நடந்தவர் என்பதால் அவர் வாக்குமூலத்தை முதன்மைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், முதலில் இனித்துப் பின்பு கசந்த காதலனுக்கு இந்தச் செடியைத்தான் உவமை காட்டினார்: முதலில் பூ, பிறகு முள். வள்ளுவரோ 1120ஆம் குறளில், அனிச்சமும் அன்னத்தின் இறகுமே காதலியின் பாதத்தை நெருஞ்சிப் பழமாய் உறுத்தும் என்கிறார். அப்படிப்பட்ட பாதத்தோடு அந்த அம்மாள் மாமல்லபுரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை உரையாசிரியர்கள் தொடவில்லை.

ஐந்து இதழ் மஞ்சள் பூ, வெயில் பக்கம் முகம் வைத்துக்கொண்டு சாதுவாகத்தான் இருக்கும். சங்கதி காயில் இருக்கிறது. முற்றியதும் அது ஐந்து துண்டாக உடையும். துண்டுக்குப் பெரிய முள் இரண்டு, பொடி முள் இரண்டு. எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று மேலே பார்க்கும். உள்ளே விதைகள் பத்திரமாக இருக்கும்.

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருத்து வருகிறது. செருப்பு நெருஞ்சிக்கு எதிரான கவசம் என்று இதுநாள்வரை நம்பிவந்தோம். இல்லை, அது வாகனம். வெறுங்காலில் தைத்தால் மனிதர் அங்கேயே நின்று, பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்து, பிடுங்கி, திட்டி எறிவார். விதைக்குக் கிடைத்தது நாலடிப் பயணம். ரப்பர் செருப்பில் தைத்தாலோ யாருக்கும் தெரியாது. மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, டிக்கெட் எடுக்காமல், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், வீட்டு வாசலில் செருப்பைத் தட்டும்போது இறங்கிக்கொள்ளும். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானபோதும் முகவரி மாற்றம் கோரி நெருஞ்சி மனு ஏதும் கொடுக்கவில்லை.

மருத்துவப் பயனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் சித்த வைத்தியர்கள் நெருஞ்சிமுள் குடிநீர் தருவார்கள். பல்கேரியர்கள் செடியை மாத்திரையாக்கினார்கள். ஆண்மை பெருகும் என்று அது உலகமெங்கும் விலைபோனது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் பெரிதாக ஏறவில்லை. நெருஞ்சி நிச்சயமாக ஏறுவது காலில்தான்.

இனிச் சிற்பச் சான்று. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில், இரு கையையும் தலைக்குமேல் தூக்கி நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நெருஞ்சி தைத்தவர் என்ற மூன்றாம் கருதுகோளை இங்கே பணிவுடன் முன்வைக்கிறோம். தைத்தால் கை காலுக்குத்தானே போகும், வானத்துக்கு ஏன் போகிறது என்று கேட்பார்கள். பிடுங்கப்போன விரல்களிலும் ஏறிவிட்டது, உதறுகிறார். யானையின் காலடியில் ஒரு பூனையும் அதேபோல் கை தூக்கி நிற்பதால், நெருஞ்சி ஆள் பார்த்துத் தைப்பதில்லை என்பதும் உறுதியாகிறது. பக்கத்தில் யானைகள் மட்டும் காலை ஊன்றி நிம்மதியாக நிற்கின்றன. யானை நெருஞ்சி என்று வேறொரு மஞ்சள்பூச் செடி, இதைவிடப் பெரிய முட்காயோடு, இதே கடற்கரையில் இருப்பது சிற்பிக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்.