மஞ்சள் குட்டியும் லயத்து நாயும்

கேள்வி: துரை பங்களாவில் இரண்டு கறுப்பு லாப்ரடோர்களுக்கு மஞ்சள் குட்டியொன்று பிறந்திருக்கிறது. பழி எங்கள் லயத்து நாயின்மேல் விழுந்துவிட்டது. நியாயமா?
— வாசகர், பெரகல

பதில்: லயத்தின்மேல் பழி விழுவது தோட்டத்தில் புதிதல்லவே! மஞ்சள் வர்ணத்துக்குரிய மரபணு, பனிமூட்டத்தில் பெரகலச் சந்தி மறைவதுபோல், கறுப்புக்குள் தலைமுறை தலைமுறையாக மறைந்துகிடந்து, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒருங்கே வந்து சேரும் குட்டியிடத்தில் மாத்திரம் வெளிப்படுமாதலால், அதனை ஒளித்துவைத்திருக்கும் கறுப்பு ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒன்று மஞ்சளாகவே பிறக்கும். 1899இல் இங்கிலாந்தில் பிறந்த பிரசித்தி பெற்ற மஞ்சள் லாப்ரடோரான ‘பென் ஆஃப் ஹைட்’டின் பெற்றோரும் கறுப்பர்களே. சில வாரம் பொறுத்துக் குட்டியின் மூக்கைப் பாருங்கள். குடும்பக் கறுப்பு பெரும்பாலும் அங்கே மிஞ்சியிருக்கும். மஞ்சள் ஜோடிக்குக் கறுப்புக் குட்டி பிறந்தால் எழுதுங்கள். லயத்து நாயை நானே வந்து விசாரிக்கிறேன்.