கொண்டை ஊசியில் யார் முறை?

ஜப்பானிய ஆர்.பி.ஜி. வீடியோ கேம்களில் முறைவைத்து அடித்துக்கொள்வதே பழைய மரபு. 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட்டில் வீரன் கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்வரை பூதம் மரியாதையாகக் காத்திருக்கும். அதற்குள் சேர்வராயன் மலைக் காபி ஒரு டம்ளர் குடித்துவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சட்டம் இதுதான்: ஏறும் வண்டிக்கே முதலிடம். இறங்கும் சுற்றுலா வேனோ 1991இன் ஃபைனல் ஃபேண்டஸி 4 கட்சி. அதில் யோசித்துக்கொண்டே நின்றால் எதிரி போட்டுவிடுவான். 1995இன் டேல்ஸ் ஆஃப் ஃபேண்டேசியாவில் முறை என்பதே கிடையாது, கைவேகம்தான். மலைப்பாதைக் குரங்குகளும் இதே பள்ளி; சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அதே ஆண்டின் க்ரோனோ டிரிக்கரில் எதிரிகள் பலர் முன்கூட்டியே கண்ணில் படுவார்கள். வளைவில் அந்தச் சலுகை இல்லை, ஹாரன் மட்டும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் டிராகன் குவெஸ்ட்டை எடுக்கலாம்; காரில் இறங்குபவர்கள் இரண்டாம் கியரை.