கூடம் கோணல்

என் மகளின் நிண்டெண்டோ சுவிட்சில் போடும் கேம் அட்டையை நான் நக்கிப் பார்த்தேன் என்று வீட்டில் ஒரு பேச்சு உலவுகிறது. நக்கவில்லை. ஊதப் போனேன். எங்கள் காலத்துக் கேசட் உள்ளங்கை அகலம். ஊதும்போது வாய்க்கும் அதற்கும் நடுவே மரியாதையான தூரம் இருக்கும். இந்த அட்டையோ தபால்தலை அளவு. கணக்குத் தப்பி உதட்டில் பட்டுவிட்டது. நிலவேம்புக் கஷாயமெல்லாம் இதற்கு முன்னால் பாயசம். குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடக் கூடாதே என்று டினாட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்பை அதன்மேல் பூசியிருக்கிறார்களாம். விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுகிற அதே வைத்தியம்தான். 43 வயதில் எனக்கு அது நடந்தது.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. மாமா வாங்கி வந்தது. ஜப்பானில் 1983இல் வெளியான ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்ட சங்கதி. கூடவே வந்த கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோ தேறும். அவையே பெயரை மாற்றிக்கொண்டு வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும், காலை இட்லி மாலையில் உப்புமாவாக வருகிற மாதிரி.

அந்தப் பெட்டியில் நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை. என் தப்பால் தோற்றதாகவும் ஞாபகம் இல்லை. கேசட்டில் தூசி. ஜாய்ஸ்டிக்கில் ‘ஏ’ பட்டன் அமுங்கவில்லை. கோட்டை வாசலுக்குப் போகும்போது பார்த்து கரண்ட் போகும். போகாவிட்டால் அப்பா வருவார். அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, “தோசைக்கல் மாதிரி சுடுது. பிக்சர் ட்யூப் போச்சுன்னா உங்க மாமனா வாங்கித் தருவான்?” என்பார். இத்தனைக்கும் மேல் என் தம்பி. மரியோவில் இரண்டு பேர் ஆடினால் சேர்ந்து ஆட முடியாது. ஒருவன் செத்தால்தான் அடுத்தவனுக்கு முறை வரும். நான் சாக வேண்டும் என்று பக்கத்திலேயே ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரார்த்தித்துக்கொண்டிருந்தால் எப்படிப் பள்ளத்தைத் தாண்டுவது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல். இதை முப்பது வருஷமாக நான் மனதார நம்பி வந்தேன்.

இப்போது மகளின் சுவிட்ச் வந்து கூடத்துக்கு ரசமட்டம் வைத்துவிட்டது. பழைய ஆட்டங்களுக்கு அட்டையே வேண்டாம். சந்தா கட்டினால் இறங்கிவிடும், ஊத எதுவுமில்லை. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழு ஆட்டமும் 40 கிலோபைட்தான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் அனுப்பும் காலை வணக்க ரோஜா இதைவிடக் கனம். பட்டன்கள் வெண்ணெய். பழைய டிவியில் தெரிகிற மாதிரி படத்தைக் கோடு கோடாகக் காட்டவும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டுப் படத்தைக் கெடுத்தவர்கள், ஓரத்தில் அப்பா எட்டிப் பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கலாம்.

முதல் உலகத்தின் முதல் கட்டத்தில், முதலில் எதிரே வரும் பழுப்புக் காளான் மண்டையன்மேல் மோதிச் செத்தேன். அவன் ஒன்றும் செய்வதில்லை; நடந்து வருகிறான், அவ்வளவுதான். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கத் தெரிந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

“ரீவைண்ட் பண்ணுப்பா” என்றாள் மகள். தோளில் இருக்கும் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் ஆட்டம் பின்னோக்கி ஓடுகிறது. பள்ளத்தில் விழுந்து செத்த மரியோ எழும்பி, மூத்தோர் ஆசியோடு விளிம்பில் வந்து நிற்கிறான். வரம் மாதிரித்தான் தெரியும். ஆனால் செய்த அசட்டுத்தனத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு. ஒரே பள்ளத்தில் பதினோரு தடவை விழுந்தபின் அவள் ஹோம்வொர்க் இருக்கிறது என்று எழுந்து போனாள். அவளாக ஹோம்வொர்க்கைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

கோணலைத் தேடாமல் நான் விட்டுவிடவில்லை. மூலையில் 400 என்று ஓடுகிறதே நேரம், அது விநாடி அல்ல. ஒரு விநாடிக்குள் இரண்டு மூன்று எண்ணைத் தின்றுவிடுகிறது. பார்த்தாயா, கடிகாரமே களவாணி என்று துள்ளினேன். ஆனால் நேரம் தீர்ந்து நான் செத்ததே கிடையாது. அதுவரை உயிரோடு இருந்தால்தானே. இன்னொன்றும் தெரிந்தது. ஆட்டம் முடிந்து தலைப்புப் படம் வந்ததும் ‘ஏ’ பட்டனை அமுக்கிக்கொண்டே ஸ்டார்ட் கொடுத்தால், செத்த உலகத்திலிருந்தே தொடரலாம். அந்த வழி 1985 முதல் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் ஒவ்வொரு தடவையும் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குக் கோவையிலிருந்து தம்பி வந்தான். சுவிட்சின் இரண்டு பக்கத்தையும் கழற்றி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். காண்ட்ரா போட்டேன். இதில் இரண்டு பேரும் சேர்ந்தே ஆடலாம். மூன்று உயிர்தான், ஆனால் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் முப்பது. கஸுஹிஸா ஹாஷிமோட்டோ என்பவர் 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது, தன்னாலேயே ஆட முடியவில்லை என்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. கூடத்தைக் குறை சொல்லாமல் கூடத்தையே நிமிர்த்திக்கொண்ட மனிதர்.

மூன்றாம் கட்டம் அருவி. மேலே மேலே தாவ வேண்டும். முன்னால் போகிறவன் தாவினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே போய்ச் சாவான். தம்பி தாவிக்கொண்டே இருந்தான்.

“டேய், இருடா!”

“நீ வாண்ணே!”

முப்பது உயிரில் இருபத்தொன்பதை அருவியே குடித்துவிட்டது. கடைசி உயிரோடு ஒரு பாறையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பட்டென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது, தெருவே இருண்டது. எனக்குள் முப்பது வருஷத்துப் பழைய நிம்மதி பரவியது. “சே, ஜெயிக்கிற நேரத்துல பாரு...” என்று ஆரம்பித்தேன்.

இருட்டில் அந்த ஏழு அங்குலத் திரை மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதில் தம்பி தாவினான். என் ஆள் நிதானமாகக் கீழே போனான்.

“சார்ஜ் எவ்வளவுடா இருக்கு?” என்றேன்.

“எண்பது பர்சென்ட்ணே.”