லிங்க் வந்துச்சுங்ளா?

மச்சான் ஆட மாட்டார். ஆட்டுவிப்பார்.

எந்த ஆட்டத்திலும் அவர் மூன்றாவது கட்டத்தைத் தாண்டியதாக வரலாறு இல்லை. புது ஆட்டம் ஒன்றைத் திறந்ததும் ஊர் உலகம் 'ப்ளே' எங்கே இருக்கிறது என்று தேடும். அவர் கண் நேராக 'இன்வைட்' மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார், பெரியம்மா பையனாகவோ, ரிட்டயரான சித்தப்பாவாகவோ. எங்களுக்கு வாய்த்தவர் என் வீட்டுக்காரியின் அண்ணன். பெண் எடுத்த இடம் என்பதால் பிளாக் பண்ணவும் வழியில்லை.

அன்னூர்ப் பக்கம் பேச்சு என்பது 'சாப்டீங்ளா' என்றோ 'உங்க பக்கம் மழையுங்ளா' என்றோதான் தொடங்கும். மச்சானுக்கு இரண்டுக்கும் நேரமில்லை. சத்தி ரோட்டில் எதிரே வந்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக் கேட்பார்.

"மாப்ளே, லிங்க் வந்துச்சுங்ளா?"

"வந்துச்சுங் மச்சா."

"தொட்டீங்ளா?"

"இல்லீங், நேரமில்லீங்."

"தொடறதுக்கு என்னங் நேரம்? வெரல் இருந்தாப் போதுமுங்."

லிங்க் அனுப்புவது முதல் படிதான். அனுப்பிய கையோடு போன் அடித்து, அனுப்பியதைச் சொல்வது இரண்டாவது படி. நீலக் குறி விழுந்ததா என்று பார்ப்பது மூன்றாவது. விழுந்திருந்தால், "பாத்துட்டீங்ளே, அப்பறம் என்னங்?" விழாவிட்டால், "நெட்டு தீந்துருச்சுங்ளா? ரீசார்ஜ் போட்டு உடட்டுங்ளா?" ஒருமுறை கேட்காமலே போட்டும் விட்டார். அதற்கப்புறம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

நான்காவது படிக்கு ஆளை நேரில் பிடிக்க வேண்டும். கைகாட்டிப் பக்கம் பேக்கரியில் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, "போனக் கொஞ்சம் குடுங்" என்று வாங்கினார். பூட்டுக்கான நம்பரை என்னிடம் கேட்கக்கூட இல்லை. "என்ற தங்கச்சி பொறந்த நாள்தானுங்ளே" என்று தானே போட்டுத் திறந்தார். ஆட்டம் இறங்கியது. தொடர்பு எண்களைப் பார்க்கட்டுமா என்று அது கேட்டது, சரி என்றார். கேமரா? சரி. இருக்கும் இடம்? சரி. தங்கச்சியை எனக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்று இதே மனுஷன்தான் மாசக்கணக்கில் யோசித்தவர். கடைசியில் பெயர் கேட்ட கட்டத்தில் 'மாப்பிள்ளை 7' என்று தட்டினார். எனக்கு முன்னால் ஆறு மாப்பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏதோ ஊர் கட்டுகிற ஆட்டமாம். ஒரு வீடு எழும்ப மூன்று பேர் செங்கல் தர வேண்டும். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம், அடுத்த மாதம் வேறொன்று வந்துவிடும். மச்சான் மட்டும் மாற மாட்டார்.

அவருடைய அனுபவம் நீண்டது. 2009 ஜூனில் ஜிங்கா என்ற கம்பெனி ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் ஆட்டத்தை இறக்கியது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் மாதத்துக்கு எட்டுக் கோடிப் பேருக்கு மேல் அதில் வெள்ளாமை பார்த்தார்கள். ஸ்ட்ராபெரி நட்டால் நாலு மணி நேரத்தில் அறுக்க வேண்டும், விட்டால் வாடிவிடும். மேய்ப்பார் இல்லாத மாடு ஒன்று உங்கள் நிலத்துக்கு வழி தவறி வரும். அதைத் தத்தெடுக்க நண்பர்களை நீங்கள் கூப்பிட வேண்டும். மச்சான் கண்டெடுத்த மாடு எங்கள் எல்லோர் வாசலிலும் வந்து நின்றது. அவருடைய நிஜத் தோட்டத்தில் அப்போது போர் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்துகொண்டிருந்தது. ஃபார்ம்வில்லை 2020 டிசம்பர் 31 அன்று மூடினார்கள். பவானியின் உபரித் தண்ணீர் அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்கு முறைப்படி வரத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். நடுவில் மூன்றரை வருஷத்துக்கும் மேல் மச்சானுக்கு இந்த வெள்ளாமையும் இல்லை, அந்த வெள்ளாமையும் இல்லை. ஆள் சேர்ப்பு மட்டும் நிற்கவில்லை.

அதற்கு முன்பே 2012-ல் கேண்டி க்ரஷ் வந்திருந்தது. ஆளுக்கு ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், அரை மணி நேரம் பொறுத்தால் ஒன்று திரும்ப வரும். பொறுக்க முடியாதவர் காசு கட்ட வேண்டும் அல்லது தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். கொங்கு நாட்டில் காசு கொடுத்து உயிர் வாங்குகிறவர் யார்? எல்லோரும் கேட்டார்கள். மச்சான் எல்லோரையும் கேட்டார். கடைசியில் நாடே தாங்காமல் போய்விட்டது. 2015 அக்டோபர் 28 அன்று டெல்லி ஐஐடிக்கு மார்க் சக்கர்பெர்க் வந்தபோது, அவரிடம் கேட்கச் சொல்லி அதிகம் பேர் ஓட்டுப் போட்ட கேள்வி, கேண்டி க்ரஷ் அழைப்புகளை நிறுத்துவது எப்படி என்பதுதான். இணையச் சமத்துவம் பற்றி நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஆனாலும் மக்களுக்கு மச்சான்தான் முதல் பிரச்சினை. இதற்கு வழி செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று சக்கர்பெர்க்கும் பதில் சொன்னார். மச்சான் அதற்குள் வாட்ஸாப்புக்குக் குடி மாறிவிட்டார்.

ஆட்டம் செய்கிற கம்பெனிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஆடுகிற ஒருத்தர் சராசரியாக எத்தனை பேரைக் கூப்பிடுகிறார், கூப்பிட்டவர்களில் எத்தனை பங்கு உள்ளே வருகிறார்கள், இந்த இரண்டையும் பெருக்க வேண்டியது. விடை ஒன்றுக்கு மேல் போனால் ஆட்டம் தானாகப் பரவும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் படுத்துவிடும். இருபது பேரைக் கூப்பிட்டு இரண்டு பேர் வந்தால் போதும், அந்த இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்று இந்தப் பெருக்கலில் எங்கும் எழுதவில்லை. ஊருக்கு ஒரு மச்சான் கிடைத்தால் கலிஃபோர்னியாவில் இருக்கிறவர் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம்.

அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பது நம்ம மொய்தான். நீ எனக்கு ஓர் உயிர் எழுது, நான் உனக்கு ஓர் உயிர் எழுதுகிறேன். எழுதாதவன் பெயர் நோட்டில் நிற்கும். காதுகுத்து, எழுதிங்கள், கல்யாணம் என்று தலைமுறை தலைமுறையாக மொய் நோட்டைப் புரட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. மச்சானிடம் பாக்கி விவரம் விரல் நுனியில் இருக்கும். "போன வாரம் உங்களுக்கு மூணு செங்கல் குடுத்தனுங். நீங்க ஒன்னுதானுங் திருப்புனீங்க." கேட்கும்போது குரலில் கோபம் இருக்காது. அந்த மரியாதைதான் ஆளைக் கொல்லும்.

ஆள் பிடிக்காமலே பரவிய ஆட்டமும் உண்டு. வேர்டில் என்ற சொல் ஆட்டத்தை 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம். அழைப்பு கிடையாது, உயிர் கிடையாது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல். ஆடி முடித்தவர்கள் பச்சையும் மஞ்சளுமாகச் சில கட்டங்களை மட்டும் பகிர்ந்தார்கள். பார்த்தவர்கள் இது என்ன எழவு என்று தாங்களாகவே தேடிப் போனார்கள். அதைச் செய்த ஜோஷ் வார்டிலிடமிருந்து 2022 ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. மச்சான் திருந்த ஒரு வாய்ப்பாக இருக்கட்டும் என்று அவரிடம் காட்டினேன்.

"இதுல ஆளச் சேத்துனா என்னங் குடுப்பாங்க?"

"ஒன்னும் குடுக்க மாட்டாங்கொ."

"அப்பறம் எதுக்குங் ஆடறது?"

2024-ல் டெலிகிராமில் ஹாம்ஸ்டர் காம்பட் வந்தது. திரையில் இருக்கும் எலியைத் தட்டினால் நாணயம், ஆளைச் சேர்த்தால் இன்னும் நாணயம். வாழைத்தார் ஏற்றும்போதும் மச்சானின் பெருவிரல் தட்டிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் டோக்கன் கைக்கு வந்தபோது உலகம் முழுக்கத் தட்டியவர்களின் முகம் தொங்கிப் போனது. மச்சானிடம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீடு ஓஹோ என்றிருந்த காலத்திலும் அவர் நாலு பேரைச் சேர்த்துவிட்டவர்தான். 2012-ல் அது கவிழ்ந்தது. அந்த நாலு பேரில் ஒருவர் இன்றைக்கும் இவரைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ரம்மி பக்கம் மச்சான் போனதே இல்லை என்பதால் அவருக்கு அதில் நஷ்டமில்லை. செங்கல் கேட்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

வாட்ஸாப்காரர்கள் மட்டும் கொஞ்சம் முயன்றார்கள். வதந்தியால் உயிர்கள் போன 2018-ல், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அது தன்னைக் குறிவைத்து வந்தது என்று மச்சானுக்கு நெடுநாள் வருத்தம். பிறகு பிராட்காஸ்ட் என்ற வசதியைக் கண்டுகொண்டார். ஒரே அடியில் 256 பேர். அதிலும் ஒரு முடிச்சு: அவர் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் இப்போது கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார். "வாங்க வாங்க. என்ற நம்பரச் சேவ் பண்ணிருக்கீங்ளா?"

போன ஆடியில் என் பெரியப்பா தவறிவிட்டார். விடியற்காலையில் 'சொந்தபந்தம்' குழுவில் சேதி வந்தது. முந்தின ராத்திரி மச்சான் அனுப்பி, சிக்னல் கிடைக்காமல் முக்கிக்கொண்டிருந்த ஒன்று சரியாக அந்த நேரம் பார்த்து அதற்கு அடியில் வந்து விழுந்தது: "எனக்கு உயிர் தீர்ந்துவிட்டது. ஒன்று அனுப்பி உதவுங்கள்." யாரோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு போட்டிருந்தார்கள்.

வெளுக்கும் முன்பே வந்து நின்ற முதல் ஆளும் மச்சான்தான். சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாம் அவர் சொல்லி வந்தது. பெங்களூரில் இருக்கும் பேரனை எந்த வண்டியில் ஏற்றி எங்கே இறக்குவது என்பதும் அவர் முடிவு. எடுக்கிற நேரம் அதே பிராட்காஸ்டில் 256 பேருக்கும் போனது. அத்தனை பேரும் வந்துவிட்டார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கூட்டம். எங்கள் யாரிடமும் அவ்வளவு நம்பர் இல்லை. கூப்பிட்டால் வருகிற ஓர் ஊரையே மனுஷன் போனுக்குள் வைத்திருக்கிறார். அதைச் செங்கல் கேட்டுச் செலவழிக்கிறார்.

அன்றைக்கு அவரை மன்னித்துத்தான் விட்டேன். காரியம் முடிந்த அடுத்த வாரம் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏங் கண்ணு, நான் உனக்குச் செங்கல் தரோணுமாமா?"

பேரன் முகம் பார்க்க வாங்கிக் கொடுத்த போன் அது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மாதாமாதம் பென்ஷன் ஏறிய சேதி அதில்தான் வரும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் மச்சான் அதை வாங்கி, எல்லாவற்றுக்கும் சரி சொல்லி, ஆட்டத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நடுநடுவே விளம்பரம் வந்து திரையை அடைத்துக்கொள்கிறது. எதையாவது தொட்டு விடுவோமோ என்று பெரியம்மா போனை எடுக்கவே பயப்படுகிறார். பேரன் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் போனை எடுங்கள், நான் ஏழாவது மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் போனைத் தொடாதீர்கள். உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள்.

அன்று மாலையே போய் அந்த ஆட்டத்தைப் பெரியம்மாவின் போனிலிருந்து அழித்தேன். வீடு திரும்புவதற்குள் மச்சான் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங் மாப்ளே, கணக்குல ஒரு ஆள் கொறையுதுங்ளே?"

"ஆமாங் மச்சா. நான்தான் எடுத்துட்டேன். இனி அப்படித்தானுங் இருக்கும்."