மயில்கழுத்து வாத்தான வரலாறு: ஓர் ஆய்வு

மும்பை மாட்டுங்கா பட்டுக்கடையில் "மயில்கழுத்து" என்று சொன்னால் போதும், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அலமாரிப் பக்கம் திரும்புவார். அதே நிறத்தைக் கணினியிடம் காட்டிப் பெயர் கேட்டால் என்ன சொல்லும்? இதுபற்றி முறையான ஆய்வு இல்லாத குறையைத் தீர்க்கச் செம்பூரிலிருந்து புறப்பட்டேன்.

முதலில் ஆய்வுமுறை. கணினிக்கு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஆளுக்கோர் எண். ஆக மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்ஸில் இங்கிலீஷ் பெயர்கள் 148தான். அதிலும் ஏழு சாம்பல்கள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருமுறை வருகின்றன, ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி. பெயரில்லாத நிறத்தின் எண்களை ஒவ்வொரு பெயரின் எண்களிலிருந்தும் கழித்து, வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். தொகை எதற்குக் குறைவோ அதுவே பெயர். பத்துப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இது ஜுஜுபி. இங்கே மூன்றே பொருத்தம்.

என் மனைவியின் மயில்கழுத்துப் புடவையைப் படமெடுத்து ஒரு புள்ளியைச் சோதித்தேன்: 0, 100, 110. மிக அருகில் நின்றது 'டீல்': 0, 128, 128. தொகை 1,108. டீல் என்பது ஒரு சிறு வாத்து. அதன் தலையிலுள்ள பட்டையிலிருந்து வந்த பெயர்.

"செட்டா நகர் முருகன் கோயிலுக்கு வாத்தைக் கட்டிண்டு போகச் சொல்றேளா?" என்றாள். ஆய்வாளரிடம் பதிலில்லை. மேலும், மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். ஒருபக்கம் பார்த்தால் நீலம், சற்றுத் திருப்பினால் பச்சை. அதில் ஒரு புள்ளியைக் கிள்ளி எடுத்துப் பெயர் கேட்ட நான்தான் பாவி.

அடுத்து தாராவி. ஒரு தோல் பை 160, 90, 45 என்று வந்தது. கணினி 'சியன்னா' என்றது. இத்தாலிய நகரம் ஒன்றின் மண். தொகை வெறும் 64, அபாரமான பொருத்தம். கடைக்காரரோ "டேன் சார்" என்றார். பட்டியலிலும் டேன் உண்டு, ஆனால் அது 210, 180, 140: பால் தூக்கலான டீ. இங்கிலீஷும் இங்கிலீஷுமே ஒத்துப்போகவில்லை. அந்தப் பட்டியலில் 'டார்க் கிரே' வெறும் 'கிரே'யைவிட வெளுப்பு என்பதையும் இங்கே போட்டு வைக்கிறேன். பட்டுக்கடையில் வெளிர் நிறங்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக "இங்கிலீஷ் கலர்" என்று முடித்துவிடுகிறார்கள். இதைவிடச் சுருக்கமான நிரலை நான் கண்டதில்லை.

பட்டியலில் கேலிக்கு இடம் தராத பெயர் ஒன்று உண்டு: 'ரெபெக்கா பர்ப்பிள்'. சிஎஸ்எஸ் வல்லுநர் எரிக் மேயரின் ஆறு வயது மகள் 2014இல் இறந்தபோது அவள் நினைவாகச் சேர்த்தது. ஆக, மனிதர் பெயரை வைக்க முன்னுதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரம் முத்து செட்டியார், எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம் இன்றும் 'எம்.எஸ். ப்ளூ' என்றே விற்கிறது. அதை 149ஆவதாகச் சேர்க்கும்படி உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எண்கள் மூன்றையும் மாட்டுங்கா மாமிகள் கூடி முடிவுசெய்து அனுப்புவார்கள். கொஞ்சம் நாளாகும்.