சான்று இணைக்கவும்

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் என்பது உறவுமுறை அல்ல, ஒரு செலவுத் தலைப்பு. அக்கா மகளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். தோடு என் செலவு. அவள் கதறியதில் என் பட்டு வேட்டியும் போயிற்று. அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. பிறகு சடங்கு வந்தது, தாம்பூலத் தட்டுகளோடு முசிறிக்குப் போய் வந்தேன். இனி கல்யாணம் வரைக்கும் ஓய்வு என்று நிம்மதியாக இருந்தபோது, ஜூலை மாதக் கடைசியில் அக்காவிடமிருந்து போன்.

“பாப்பாவுக்கு கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடச்சிருச்சுடா தம்பி. காலேஜு உன் ஊருப் பக்கந்தான்.”

“ரொம்ப சந்தோஷம்க்கா.”

“லேப்டாப்பு வாங்கணுமாம்.”

“வாங்கிரலாம்க்கா.”

‘வாங்கிரலாம்’ என்ற சொல்லில் யார் வாங்குவது என்ற விவரம் இருக்காது. தமிழ் நமக்குச் செய்து வைத்திருக்கும் வசதி அது. அக்காவுக்கும் தமிழ் தெரியும். “மாமன் வாங்கிக் குடுக்கறான்னு இங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். கல்யாணச் சீர்ல கழிச்சுக்க” என்றாள். என் அக்கா எதையும் எதிலும் கழித்து நான் பார்த்ததில்லை.

பாப்பாவுக்குப் பதினெட்டு வயது. அண்ணனுக்குப் பத்து வருஷம் பின்னால் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அண்ணன்காரன் லேப்டாப் வாங்கிய கதை ஒரு வரியில் முடிந்துவிடும். 2014இல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தான், வரிசையில் நின்றான், கொடுத்தார்கள். 2011இல் தொடங்கிய திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாக வாங்கி அனுப்பிய பெட்டி, மூடியில் முதலமைச்சர் படம், உள்ளே விண்டோஸும் பாஸ் லினக்ஸும். தள்ளுபடி நூறு சதவீதம். தலைமையாசிரியர் பட்டியலைப் பார்த்து டிக் அடித்தார், அவ்வளவுதான் சான்று. பாப்பா படித்தது ஆங்கிலவழித் தனியார் பள்ளியில், சேர்ந்திருப்பது சுயநிதிக் கல்லூரியில். எனவே அவளுக்கு அரசாங்கம் நான்தான்.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது வருஷமாக இருக்கிறேன். மற்றவர்கள் அனுப்பும் பில்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. பாஸ் செய்வதும் உண்டு. ஆனால் அதில் திறமையைக் காட்ட இடமில்லை. பென்ஷன் தாளில் இனிஷியலுக்குப் பின் புள்ளி விட்டுப்போனதற்காக ஓய்வுபெற்ற ஒரு தாசில்தாரையே இரண்டு முறை நடக்க வைத்தவன் நான். ‘உரிய சான்று இணைக்கப்படவில்லை’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் என் மேஜையில் தேய்ந்து தேய்ந்து மூன்றாவது தலைமுறைக்கு வந்திருக்கிறது.

மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு என்று சக ஊழியர் சொன்னபோது அதனால்தான் எனக்குக் குஷி. சலுகை என்றால் விதி. விதி என்றால் என் மைதானம். அக்காவிடம் சொன்னேன்.

“சீர்ல தள்ளுபடி கேட்ட தாய்மாமன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா” என்றாள்.

கல்லூரித் துறையிலிருந்து பாப்பாவின் வாட்ஸப்புக்கு ஒரு பட்டியல் வந்திருந்தது. பதினாறு ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐ5 அல்லது ரைசன் 5, விண்டோஸ். ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஐ5 என்றாலும் எல்லா ஐ5உம் ஒன்றல்ல, கடைசியில் ‘எச்’ போட்டிருந்தால் வேகம், ‘யு’ போட்டிருந்தால் பேட்டரி நிற்கும் என்று பாப்பா விளக்கினாள். சிப்புக்கும் இனிஷியல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இனிஷியலால் வரப்போவது அப்போது தெரியாது.

ஹாஸ்டல் தோழிகள் சிலர் ஆப்பிள் வாங்குவதாக அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். பேச்சுவாக்கில் என்பது அவள் அம்மாவிடமிருந்து வந்த கலை. பார்த்தேன். 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர் 99,900 ரூபாய், மாணவர்களுக்கு 89,900. பத்தாயிரம் தள்ளுபடி என்பது மனசைக் குளிர்விக்கிற தொகைதான், தள்ளிய பிறகு நிற்கிற தொகையைப் பார்க்காதவரை. பட்டியலில் விண்டோஸ் என்று எழுதிய அந்தத் துறைத் தலைவருக்கு மனசுக்குள் ஒரு ரோஜா மாலை போட்டேன்.

வேறொரு பெரிய கம்பெனியின் மாணவர் பக்கத்தைத் திறந்தோம். விலை தெரிய வேண்டுமானால் முதலில் மாணவி என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கக் கல்லூரி கொடுத்த இமெயில் வேண்டும், ஏசி டாட் இன், ஈடியு டாட் இன் என்று முடிகிற மாதிரி. கல்லூரியில் கேட்டால், இமெயில் ரோல் நம்பரைக் கொண்டு உருவாக்குவதாம். ரோல் நம்பர் செக்‌ஷன் பிரித்த பிறகு. செக்‌ஷன், துணைக் கலந்தாய்வு முடிந்து எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு. சலுகையோ மாதக் கடைசியோடு முடிகிறது. லட்சத்துக்கு மேல் ஃபீஸ் கட்டியாயிற்று, ஹாஸ்டலில் பக்கெட் வைத்துப் பெயர் எழுதியாயிற்று, மெஸ் சாம்பாரைப் பற்றிப் புகார்கூட வந்துவிட்டது. ஆனாலும் பாப்பா இன்னும் மாணவி ஆகவில்லை.

இமெயில் இல்லாதவர்கள் போனஃபைடு சர்டிபிகேட்டை ஏற்றலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தைப் படிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். இரண்டு வாரம் அலைந்து சர்டிபிகேட் வாங்கினாள். படிவத்தை நானே நிரப்ப உட்கார்ந்தேன்.

முதல் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ‘எஸ்’. படிவம் சிவந்தது. கடைசிப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டுமாம்.

“ரெண்டு எஸ் போட்டுறட்டா மாமா?” என்றாள் பாப்பா.

யோசனை கெட்டதில்லை, ஆனால் முப்பது வருஷப் பழக்கம் தடுத்தது. அப்பா பெயரை முழுசாக எழுதினோம். படிவம் திருப்தியடைந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: நீங்கள் அளித்த பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை.

சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. ஆதாரில் பின்னால் இருக்கிறது. படிவத்தில் இனிஷியல் விரிந்து அத்தானாகி நிற்கிறார். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கி முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தாசில்தாரைத் திருப்பி அனுப்பினேன்.

மறுபடி ஏற்றினோம். ஆவணம் தெளிவாக இல்லை. மறுபடி. ஆவணத்தில் தேதி தெரியவில்லை. சீல் தேதியின் மேல் விழுந்திருந்தது. ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் போய் மரியாதையே வந்துவிட்டது. ஒரே தடவையில் மூன்று குறையையும் சொல்லாமல், தடவைக்கு ஒன்றாகச் சொல்வது என்பது கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அண்ணா சாலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தச் சந்தில் கேமராவிலிருந்து கெப்பாசிட்டர் வரை விற்கிறார்கள், நடக்கத்தான் இடமில்லை. “என்ன சார் பாக்கறீங்க, சிசிடிவியா, லேப்டாப்பா?” என்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆளின் பின்னால், கோழி ஏறுகிற அகலமுள்ள ஒரு மாடிப்படியில் ஏறினோம்.

“காலேஜுக்கா? ஸ்டூடண்ட் ரேட் தனி சார்” என்றான் கடைப் பையன்.

நான் பையிலிருந்து சர்டிபிகேட், ஃபீஸ் ரசீது, அலாட்மென்ட் ஆர்டர், ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் அடுக்கினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதெல்லாம் எதுக்கு சார்? வேணும்னா நீங்களே ஸ்டூடண்ட் ரேட்ல ஒண்ணு எடுத்துக்கங்க.”

அந்தக் கடையில் எல்லாருமே ஸ்டூடண்டுதான். ஸ்டூடண்ட் ரேட் என்பது ஒரு பை, ஒரு மவுஸ், கீபோர்டு மேல் போடுகிற ரப்பர் தோல். பையின் உள்ளே 2,999 ரூபாய் என்று அட்டை தொங்கியது. ஜிப்பை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்தது. ஆபீஸ் சாஃப்ட்வேர் போட்டுத் தரத் தனிக் காசு என்றான். காலேஜ் இமெயில் வந்துவிட்டால் பிரவுசரில் ஓடுகிற மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கும் என்று பாப்பா என் காதில் சொன்னாள். கிட்ஹப்காரர்களும் மாணவர்களுக்கு ஒரு மூட்டை சாஃப்ட்வேர் சும்மா தருகிறார்களாம். பெட்டிக்குக் குறைக்கிற காசைவிட உள்ளே போடுகிற சரக்கில்தான் மாணவருக்கு நிஜ லாபம் இருக்கிறது. கடைகள் அதை போர்டில் எழுதுவதில்லை.

ஒரு லேப்டாப்பைத் திறந்து காட்டினான். 512 ஜிபி என்று அட்டையில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் 476.

“மிச்சம் 36 எங்கப்பா?”

பையன் சிரித்தான். பாப்பாதான் விளக்கினாள். தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது; இடம் எங்கேயும் போகவில்லை, படி மாறியிருக்கிறது. விற்கும்போது ஒரு படி, அளக்கும்போது ஒரு படி. ரேஷன் கடையில் இதைச் செய்தால் மறியல் நடக்கும். பாஸ் செய்ய மனமில்லாமல் படியிறங்கினேன்.

பெரிய ஷோரூம் ஒன்றுக்கும் போனோம். ஏசி நன்றாக இருந்தது. அங்கே மாணவர்களுக்கு வட்டியில்லாத் தவணை. சுழியம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியிருக்கிறது. நடப்பது என்னவென்றால், பேங்க் வட்டி போடும்; கடைக்காரர் அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே குறைத்துவிடுவார்; போட்ட வட்டிக்கு பேங்க் ஜிஎஸ்டி வசூலிக்கும். அதாவது வட்டி கிடையாது, இல்லாத வட்டிக்குப் பதினெட்டு சதவீத வரி உண்டு. இதை நான் விற்பனைப் பெண்ணிடம் விளக்கி முடிப்பதற்குள் அவள் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டாள்.

மாதம் முடிந்தது, சலுகை முடிந்தது. அண்ணனின் பழைய அரசு லேப்டாப்பைத் தூசி தட்டி ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாள் பாப்பா. பேட்டரி செத்துப் பல வருஷம். பிளக்கில் செருகினால்தான் உயிர். மேக்புக்குகளின் நடுவே மூடியில் அன்றைய முதலமைச்சர் சிரித்துக்கொண்டிருக்க, அவள் முதல் சி புரோகிராமை அதில்தான் ஓட்டினாள். ஓடியது.

செப்டம்பர் நடுவில் இமெயில் வந்தது. சலுகையும் புதிய தேதியோடு திரும்ப வந்திருந்தது. போகிறேன் போகிறேன் என்கிற சலுகை எங்கேயும் போவதில்லை. இமெயிலைப் போட்ட ஐந்தாவது விநாடி, ‘வாழ்த்துகள், உங்கள் மாணவர் தகுதி உறுதிசெய்யப்பட்டது’ என்றது திரை. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தபோதுகூட எங்கள் வீட்டில் இப்படிக் கை தட்டவில்லை. கதவு திறந்து விலை தெரிந்தது. எம்ஆர்பி 84,990. மாணவர் விலை 66,490.

நான் கார்டை எடுத்துவிட்டேன். பாப்பா பக்கத்து ஜன்னலில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, இங்க பாருங்க.”

அதே மாடல், அதே ‘எச்’, அதே 476. ஆயுத பூஜை விற்பனையில் 61,990. யாருக்கு வேண்டுமானாலும். இமெயில் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம், கடைசிப் பெயர் வேண்டாம்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பணம் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் ஒன்றரை மாதம் போராடி வாங்கிய தகுதியை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக உதறுவது, சொன்னால் யாருக்கும் புரியாது, வலித்தது. உதறினேன்.

பெட்டி வந்து சேர்ந்த ராத்திரி அக்கா போன் பண்ணினாள். “என்ன வெலடா ஆச்சு?”

“எண்பத்தி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தி தொண்ணூறுக்கா.” பொய்யில்லை. பெட்டியின் மேல் அதுதான் அச்சடித்திருந்தது. சீர் நோட்டில் எம்ஆர்பிதான் ஏற வேண்டும் என்பது என் கட்சி.

“அப்ப பில்ல அனுப்பு” என்றாள். “படிப்பு லோன்ல லேப்டாப்புக்கும் சேத்துத் தருவாங்களாம். பேங்க்ல பில்லு கேக்கறாங்க.”

அதாவது, நான் சீராகக் கொடுத்ததற்கு பேங்க் அவளுக்குப் பணம் தரப்போகிறது. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கிளெய்மை நான் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் பில்லை அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன். “எண்பத்தி நாலுன்னியே, அறுபத்தி ஒண்ணுல்ல போட்டிருக்கு?” அதற்கு நான் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதத் தேவையில்லை, அவளும் கேட்டு முடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினாள். பேங்கில் பில்லைத் திருப்பிவிட்டார்கள். பில் என் பெயரில் இருக்கிறது, மாணவி பெயரில் இல்லை. ஓரத்தில் யாரோ பச்சை மையில், அழகான தமிழில் எழுதியிருந்தார்: ‘பெயர் முரண். தக்க சான்றுடன் மீளச் சமர்ப்பிக்கவும்.’

‘பெயர் முரண்.’ இரண்டே சொல். நான் இத்தனை வருஷமாக இதற்கு ஒன்றரை வரி செலவழித்துக்கொண்டிருந்தேன். போட்டோவைப் பெரிதாக்கி, வாசகத்தை டைரியில் குறித்துக்கொண்டேன்.