கறுப்பு வயர்: ஓர் ஆராய்ச்சி

காருடன் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஸ்டீரியோவை, வழக்கில் 'கம்பெனி செட்' எனப்படுவதை, அதன் போக்கில் விட்டுவைக்கும் பக்குவம் கார் உரிமையாளர்களில் ஒரு சாராருக்கு எக்காலத்தும் வாய்ப்பதில்லை. செட்டுக்குள் செல்லும் ஒலி உள்ளீடு எனவும், அதிலிருந்து ஸ்பீக்கருக்கோ தனி ஆம்ப்ளிஃபயருக்கோ செல்வது வெளியீடு எனவும் கொள்ளப்படும். பழைய கம்பெனி செட்டில் முன்னது பெரும்பாலும் இராது. பின்னது இருந்தாலும் வேண்டிய வடிவில் இராது. பழைய செட் ஒன்றுக்கு ஆக்ஸ் உள்ளீடு, அதாவது செல்போனின் ஒலியை வயர் மூலம் நேரே செலுத்தும் வழி, அமைப்பது எவ்வாறு என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன் வயர்களின் நிறம் குறித்துச் சிறிது கூற வேண்டியுள்ளது.

கடையில் தனியே விற்கப்படும் செட்டுகளுடன் ஒரு கப்ளர் வரும். வயர்களைத் தொகுத்து ஒரே சொருகலில் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புக்கு அப்பெயர். அதில் கறுப்பு என்பது எர்த், அதாவது காரின் உலோக உடலோடு சேர வேண்டியது; மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும்; சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டுமே வரும். இம்மட்டோடு நின்றிருந்தால் உலகம் நலமாயிருந்திருக்கும். ஜெர்மானியக் கார் மரபோ எர்த்துக்குப் பழுப்பை ஒதுக்கி, எப்போதும் மின்சாரம் நிற்கும் வயருக்குச் சிவப்பையும், சாவி திருப்பியபின் மின்சாரம் பெறும் வயருக்குக் கறுப்பையும் வழங்கிவிட்டது. எனவே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய செட்டை ஜெர்மானியக் கார் ஒன்றில் நிறத்தை மட்டும் நம்பிப் பொருத்துகிறவர் கறுப்போடு கறுப்பைச் சேர்த்து மனநிறைவு கொள்வார். செட்டின் இரும்புக் கூடு ஏரியல் வயர் வழியாக ஏற்கெனவே காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்குமாதலால், சாவியைத் திருப்பிய கணத்தில் பியூஸ் போகும்.

இவ்விரு மரபுகளுக்கும் புறம்பான மூன்றாவது மரபு ஒன்று உண்டு. அது வீட்டு வயரிங் மரபு. இந்தியாவில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று கற்று, மின்விசிறி ரெகுலேட்டர் ஒன்றை மாற்றிய துணிவில் கார் டேஷ்போர்டைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை வல்லுநர் இம்மரபினர். அவருக்குப் பச்சையைக் கண்டால் எர்த் என்றே தோன்றும். ஆனால் கடைச் செட்டின் கப்ளரில் பச்சை பின் இடது ஸ்பீக்கருக்குரியது. வெள்ளை முன் இடதுக்கும், சாம்பல் முன் வலதுக்கும், ஊதா பின் வலதுக்கும் உரியன. ஒவ்வொன்றின் எதிர்முனையும் அதே நிறத்தில் கறுப்புக் கோடு பெற்றிருக்கும். அக்கறுப்புக் கோட்டையும் எர்த்தின் உறவினராகக் கருதுவோர் உளர். நீலமோ, வீட்டில் மூன்று ஃபேஸ்களுள் ஒன்று. இங்கே ஏரியலை உயர்த்தும் மோட்டாருக்கு உத்தரவிடும் வயர். மஞ்சளைப் பற்றிப் பேசாமலிருப்பதே நன்று. கார்களில் காற்றுப்பையின் கப்ளரும் மஞ்சளாகவே இருக்கும் என்பதையும், அதைச் செட்டின் மஞ்சள் எனக் கருதித் தொடுதல் ஆகாது என்பதையும் மட்டும் சொல்லி வைக்கலாம்.

பச்சையை எர்த்தோடு சேர்ப்பதால் வரும் கேட்டையும் விளக்குதல் வேண்டும். இன்றைய செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர் பகுதிகள் உண்டு. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஆதலால் ஸ்பீக்கரின் இரு வயர்களிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும். இரண்டில் எதுவும் எர்த் அன்று. ஒன்றைக் காரின் உடலோடு சேர்த்தால், நல்ல சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்; மற்றது புகையும். இவ்விரட்டை அமைப்பின் துணையோடுதான் நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று பெட்டியின் மேல் அச்சிடுகிறார்கள். 14.4 வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வருவது உண்மையே. ஆனால் அது இசையை முற்றிலும் நசுக்கிச் சதுர அலையாக்கினால் கிடைக்கும் எண். காது பொறுக்கும் ஒலிக்கு 20 வாட்டை ஒட்டியே கிடைக்கும். இதை அறிந்த பின்பும் பெட்டியைப் பார்த்தே செட் வாங்கும் இனத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் கூறுவதற்கு எதுவுமில்லை.

ஆக்ஸ் பற்றிய பகுதிக்குச் செல்லுமுன் இன்னும் ஒன்று. இந்த வயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே ஐஎஸ்ஓ 10487 என்னும் தரம் வகுக்கப்பட்டது. கப்ளரின் எந்தக் குழியில் எது வரும் என்பதை அது வரையறுக்கும். 4ஆம் குழியில் நிலையான 12 வோல்ட், 7ஆம் குழியில் சாவி வழி 12 வோல்ட், 8இல் எர்த். வோக்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். அக்கார்களில் கடைச் செட்டைப் பொருத்தினால், சாவியை எடுக்கும்தோறும் அது சேமித்த வானொலி நிலையங்களை எல்லாம் மறந்துவிடும். ஜப்பானியக் கார்களோ பெரும்பாலும் தத்தம் கப்ளரையே போற்றுவன.

இவை யாவும் தொழிற்சாலை விட்டபடியே இருக்கும் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். பழைய காரை வாங்கியவருக்குக் கிடைப்பது, ஏட்டுச்சுவடி ஆய்வாளர் அஞ்சும் இடைச்செருகல் நிறைந்த மூலம். சென்ற ஞாயிறன்று டேஷ்போர்டு ஒன்றின் பின்னிருந்து வெளிப்பட்ட இடைச்செருகலே இக்கட்டுரைக்குக் காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. பெயரறியாத முன்னவர் ஒருவர் கம்பெனிக் கப்ளரை அடியோடு வெட்டியெறிந்து, எட்டு ஸ்பீக்கர் வயர்களையும் ஒரே சிவப்பு வயரால் நீட்டி, வெயிலில் பசை இளகிக் கையோடு ஒட்டும் இன்சுலேஷன் டேப்பால் அனைத்தையும் ஒரே உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார். எட்டுச் சிவப்பு. எர்த்துக்கு, வேண்டுமென்றே என்று கருத இடமுள்ளது, மஞ்சள்.

அந்நிலையில் நிற ஆராய்ச்சி பயன்படாது. செட்டை முழுவதும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை இரண்டிரண்டு வயராகத் தொட்டுப் பார்த்தால் எந்த ஸ்பீக்கர் 'டப்' என்கிறதோ அதுவே அவ்விரு வயருக்கும் உரியது. அதன் காகிதக் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்ட வயரே ஸ்பீக்கரின் நேர்முனை. ஒரு பக்கத்தில் மட்டும் முனை மாறினால் இடதும் வலதும் ஒன்றையொன்று மறுத்து, தாழ்ந்த ஒலிகள் காணாமற்போகும். மற்ற வயர்களுக்கு மல்டிமீட்டர் வேண்டும், டெஸ்டர் போதாது.

ஆக்ஸ் பற்றிய பகுதிக்கு நிறங்கள் இடம் விடவில்லை. செட்டைக் கழற்றும் அன்பர்கள், கப்ளரை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் மாற்றுக் கப்ளரை வாங்குக. வெட்டியே தீர வேண்டுமாயின், ஒவ்வொரு வயரிலும் எது எதுவென ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு வெட்டுக.